ஜனவரியில் ஆல்ப்ஸ்: உறைந்த அருவி ஏறத் திட்டமிடுவது எப்படி?

கேள்வி: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாக உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகுகிறேன். போன குளிர்காலத்தில் ஒரே ஒரு நாள் செயற்கைப் பனிக்கோபுரத்தில் ஏறினேன். சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் வருகிறார். அவர் பாதாமியில் பாறை ஏறுபவர். வரும் ஜனவரி நடுவில் ஆறு நாள் ஆல்ப்ஸில் உறைந்த அருவிகளில் ஏற விரும்புகிறோம். எங்கே போகலாம்? என்னென்ன வாங்க வேண்டும்? வழிகாட்டி இல்லாமல் முடியுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முடியாது. இந்த முறை முடியாது.

உங்கள் நண்பர் பாதாமியில் விழுந்து விழுந்தே கற்றிருப்பார். அங்கே போல்ட் தாங்கும், கயிறு இழுபடும், ஏறுபவர் சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்குவார். பனிக்கட்டியில் அந்தப் பழக்கம் ஆபத்தானது. இங்கே கயிற்றின் முன்முனையில் ஏறுபவர் விழவே கூடாது. விழும்போது க்ராம்பானின், அதாவது காலணியின் அடியில் மாட்டும் முட்சட்டத்தின், முட்கள் பனியில் மாட்டினால் கணுக்கால் முறியும். இரண்டு கைகளிலும் கூர்மையான கோடரிகள் வேறு. பாறையில் யாரோ முன்பே அடித்துவைத்த போல்ட்டை நம்பி ஏறுகிறோம். பனியில் கயிற்றை மாட்டும் ஒவ்வொரு திருகையும் நாமே செலுத்த வேண்டும். அது தாங்குமா என்பதை அந்த இடத்துப் பனிக்கட்டிதான் முடிவு செய்யும். நீல நிறத்தில் இறுகிய பனிக்கட்டி எது, உள்ளே காற்று நிறைந்த வெள்ளைப் பனிக்கட்டி எது, பின்னால் தண்ணீர் ஓடும் மெல்லிய ஓடு எது என்று கோடரியின் ஓசையிலேயே பிரித்தறியச் சில குளிர்காலங்கள் ஆகும்.

ஆகவே இந்தப் பயணத்தில் நீங்கள் இருவரும் மேலிருந்து வரும் கயிற்றில்தான் ஏற வேண்டும். சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்று பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். ஒரு நாளுக்கு 400 யூரோவுக்கு மேல் ஆகும், இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டு நாள் ஏறி, ஒரு நாள் ஓய்ந்து, மறுபடி இரண்டு நாள் ஏறுவது உடலுக்குப் பொருந்தும். ஆறாவது நாளைக் காலியாக விட்டுவையுங்கள். வானிலை ஒரு நாளையாவது கேட்டு வாங்கிக்கொள்ளும். வழிகாட்டிக்கு எழுதும்போதே, அருவியின் உச்சியைத் தொடுவதைவிடத் திருகு செலுத்தவும், கயிற்றைத் தாங்கும் நங்கூரம் அமைக்கவும், பனிக்கட்டியில் ‘வி’ வடிவத்தில் இரண்டு துளையிட்டுக் கயிறு கோத்து இறங்கவும் கற்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் துளை முறையை ரஷ்ய மலையேறி அபலகோவின் பெயரால்தான் எல்லோரும் அழைக்கிறார்கள். அது தெரிந்தால் எந்தப் பனிச்சுவரிலிருந்தும் ஒரு துண்டு மெல்லிய கயிறு செலவில் இறங்கிவிடலாம்.

அடுத்து இடம். என் பரிந்துரை இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கிலுள்ள கோஞ் என்னும் ஊர். கிரான் பாரடீசோ மலையின் அடியில், சுமார் 1,530 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள வால்நொன்தே, வாலெய் ஆகிய இரு கிளைப் பள்ளத்தாக்குகளிலும் நூற்றுக்கு மேற்பட்ட அருவிகள் உறைகின்றன. உயரமும் திசையும் வெவ்வேறாக இருப்பதால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று நன்றாக இருக்கும். புதியவர்களுக்கு இதுதான் பெரிய வசதி. ‘இந்த அருவியில் ஏறியே தீருவேன்’ என்று பெயர் குறித்துக்கொண்டு போகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

லில்லா என்ற சிற்றூரிலிருந்து சிறிது தூரம் நடந்தாலே ஊர்ப் பெயர் கொண்ட அருவி உறைந்து நிற்கும். அதன் பக்கத்தில் லில்லா கல்லி என்ற நீண்ட ஓடைவழி உண்டு. பனிக்கட்டி ஏற்றத்தின் கடினத்தை டபிள்யூஐ (‘வாட்டர் ஐஸ்’, அதாவது தண்ணீர் உறைந்த பனிக்கட்டி) 1 முதல் 7 வரை அளக்கிறார்கள். லில்லா கல்லி மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. பெரும்பகுதி 70 பாகை அளவுக்குச் சாய்ந்த பனி, இடையிடையே சிறு செங்குத்துகள். எண்ணைப் பார்த்து எளிது என்று நினைக்க வேண்டாம். செயற்கைக் கோபுரத்தில் செங்குத்தாக ஏறியவர்களும் 200 மீட்டருக்கு மேல் நீளும் ஓடையில் கெண்டைக்கால் எரிந்து திணறுவார்கள். வால்நொன்தேயிலுள்ள பாத்ரி அடுத்த படி. கைகள் தெம்பாக இருந்தால் நான்காம் நாள் அதைப் பார்க்கலாம். அதே பள்ளத்தாக்கில் ரெபான்தான்ஸ் சூப்பர் என்ற ஆறாம் நிலைச் சுவர் தொங்குகிறது. அதைக் கீழே நின்று பார்த்தாலே போதும், மறக்காது.

வால்நொன்தேயில் நடக்கும்போது ஒரு மரியாதையைக் காக்க வேண்டும். அங்கே நெடுந்தூரப் பனிச்சறுக்குத் தடங்களை இயந்திரத்தால் பக்குவப்படுத்தி வைத்திருப்பார்கள். அவற்றின் மேல் நடக்காமல் ஓரமாகப் போங்கள். அப்பகுதி 1922-இல் உருவான கிரான் பாரடீசோ தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. குளிர்காலத்தில் ஐபெக்ஸ் காட்டாடுகள் தாழ்ந்த சரிவுகளுக்கு இறங்கிவரும். பறவைகள் கூடு கட்டும் இடங்களை ஒட்டிய சில அருவிகளில் ஏறப் பூங்கா நிர்வாகம் தடை விதிப்பதுண்டு. அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டே உள்ளே போங்கள்.

லில்லா கல்லிக்குப் போவதானால் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அதன் அடிக்குப் போய்ச் சேர்ந்தேன். மேலே ஏற்கெனவே மூன்று குழுக்கள். ‘நின்று போகலாம்’ என்று நினைத்து நின்ற பத்து நிமிடத்துக்குள் தட்டளவு பனிக்கட்டி ஒன்று என் தோள்பையைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கோடரி படும் ஒவ்வொரு அடியிலும் பனிக்கட்டி உடைந்து விழத்தான் செய்யும். மேலே இருப்பவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் அதைத் தவிர்க்க முடியாது. ஒடுங்கிய ஓடையில் அது ஒதுங்கிப் போக வழியும் கிடையாது. முதல் ஆளாகப் போங்கள், இல்லையேல் வேறு அருவிக்குப் போங்கள்.

இப்போது வானிலை. ஆல்ப்ஸின் தெற்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் ஒரே நாளில் வெவ்வேறு முகம் காட்டும். கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் ஈரக்காற்று வந்தால் கோஞ்சில் பனி கொட்டும். வடமேற்குக் காற்று வந்தால் சுவிட்சர்லாந்தின் வடசரிவுகள் புதைய, கோஞ்சில் வெயில் அடிக்கலாம். எனவே இரண்டாம் திட்டமாகச் சுவிட்சர்லாந்தின் காண்டர்ஷ்டேக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து அது கிட்டவும்கூட. ஊருக்கு மேலே எஷினென்வால்ட் பகுதியில் பல நிலைகளிலும் அருவிகள் உண்டு. ஆனால் ஊர் 1,200 மீட்டருக்கும் கீழே இருப்பதால் இளஞ்சூடு வந்தால் முதலில் அங்குதான் உருகும். இரண்டு ஊர்களிலும் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்து, எதற்குப் போவது என்பதைப் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது முடிவு செய்யுங்கள். வழிகாட்டியிடமும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

குளிர் எவ்வளவு கடுமையோ பனிக்கட்டி அவ்வளவு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே பனிக்கட்டி மெழுகுபோல் கோடரியை ஏற்றுக்கொள்ளும். மைனஸ் 15 வாக்கில் கண்ணாடிபோல் சிதறும். திடீர்க் குளிர்வீழ்ச்சி இதைவிட மோசம். பிரான்சின் சாமோனிக்கு அருகே, அர்ஜான்தியேர் பனியாற்றின் ஓரத்தில் சிவலிங்கம் என்றே பெயரிட்ட ஒரு பனித்தூண் வழி உண்டு. அப்பகுதியின் உறைந்த அருவிகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர்கள், காற்று சட்டென்று குளிரும்போது பனிக்கட்டி சுருங்கி உள்ளுக்குள் இழுவிசை ஏறுகிறது, செங்குத்துத் தூண்கள் அதனால் உடையக்கூடும் என்று காட்டினார்கள். ஆகவே முந்தின நாள் மாலையைவிடக் காலையில் குளிர் பல பாகை கூடியிருந்தால், தனித்து நிற்கும் தூணுக்கு அருகில் போக வேண்டாம். வெயில் படும் அருவிகளை முற்பகலுக்குள் முடித்துவிட வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது பனிச்சரிவைத்தான். தண்ணீர் ஓடிவந்து உறைந்த ஓடையில்தான் நாம் ஏறுகிறோம். மேலே சரியும் பனியும் அதே ஓடை வழியாகத்தான் இறங்கும். அருவியின் அடியில் நிற்கும்போது, 500 மீட்டர் மேலே வெயிலில் நனைந்துகொண்டிருக்கும் சரிவு கண்ணுக்கே தெரியாது. வாலெய் பள்ளத்தாக்கு இந்த வகையில் குறிப்பாக ஆபத்தானது. ஐரோப்பியப் பனிச்சரிவு எச்சரிக்கைக்கு ஐந்து நிலைகள் உண்டு. மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று மனம் சொல்லும். ஆனால் அதிக உயிர்கள் போவது அந்த மூன்றாம் நிலையில்தான். ஆவோஸ்தா பள்ளத்தாக்கின் பனிச்சரிவு அறிக்கையை ஒவ்வொரு மாலையும் படியுங்கள். புதுப்பனி விழுந்தோ பலத்த காற்று வீசியோ இரண்டு நாள் ஆகவில்லையென்றால் மேலே பெரிய சரிவுள்ள அருவிகளை விட்டுவிடுங்கள். புதைந்தவரைச் சமிக்ஞையால் கண்டறியும் தேடுகருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் ஆய்வுக்கோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவர்களில் பெரும்பாலோர் முதல் பத்து நிமிடத்துக்குள் மீட்கப்பட்டால் பிழைக்கிறார்கள். அதன் பிறகு வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. மீட்பு ஹெலிகாப்டர் அதற்குள் வராது. பக்கத்தில் நிற்கும் நண்பர்தான் தோண்டியாக வேண்டும். புறப்படும் முன் ஸ்டுட்கார்ட்டில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து, புதைத்துவைத்த கருவியைத் தேடியெடுக்கப் பழகுங்கள்.

வாங்க வேண்டியவை குறைவு. காலணியை மட்டும் வாங்குங்கள்: அடி வளையாத, க்ராம்பானின் முன்பின் பிடிப்புகள் பொருந்தும் குளிர்காலக் காலணி. பிற்பகலில், வீங்கிய காலோடு, தடித்த காலுறை அணிந்து போட்டுப் பாருங்கள். சுவரில் முன்னங்காலால் உதைத்தால் விரல் நுனி இடிக்கக் கூடாது. கோடரி, க்ராம்பான், தலைக்கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கயிறும் திருகுகளும் வழிகாட்டி கொண்டுவருவார். கையுறை மூன்று ஜோடி வேண்டும்: ஏறுவதற்கு மெல்லியது இரண்டு, கீழே நின்று கயிறு பிடிக்கும்போது தடித்தது ஒன்று. நனைந்ததை உடனே மாற்றுங்கள். கோடரியை இறுக்கிப் பிடிப்பதால்தான் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரக்கிறது. பிறகு ரத்தம் திரும்பும்போது வரும் வலியில் பெரியவர்களும் அழுவார்கள். சில நிமிடத்தில் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். எல்லா உடைக்கும் மேலே அப்படியே போட்டுக்கொள்ளும் பெரிய இறகு மேலங்கி ஒன்று, வெந்நீர்க் குடுவை, நெற்றி விளக்கு ஆகியவை கட்டாயம். ஜனவரி நடுவில் பகல் சுமார் ஒன்பது மணி நேரம்தான்.

காரில் போனால் கிரேட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கம் வழியாக ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால டயர் கட்டாயம். நண்பர் சைவம் என்றால் ஃபொன்தீனா பாலாடைக்கட்டி கலந்த பொலென்தா என்ற மக்காச்சோளக் களியைப் பரிமாறுவார்கள். அந்தப் பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பை நொதியால் உறையவைக்கிறார்கள் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

காப்பீட்டில் இருவர் நிலையும் வேறு. நீங்கள் ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கத்தில் உறுப்பினரானால் 25,000 யூரோ வரை மீட்புச் செலவு அடங்கும். நண்பர் ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஆனால் கயிறு கட்டி ஏறுவதைப் பல பயணக் காப்பீடுகள் விலக்கிவைக்கின்றன. ‘பனிக்கட்டி ஏற்றம் அடங்குமா’ என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஆபத்தில் 112-ஐ அழையுங்கள். சுவிட்சர்லாந்தில் மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414.

விசாவை எந்த நாட்டிடம் கேட்பது என்பது அதிக நாள் எங்கே தங்குகிறார் என்பதைப் பொறுத்தது. ஸ்டுட்கார்ட்டில் உங்களோடு இருக்கும் நாட்கள் கூடுதலானால் ஜெர்மனியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதே விசாவில் சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் போகலாம். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பம் ஏற்கிறார்கள். வழிகாட்டியின் நாட்களை உறுதி செய்வதற்கு முன் நண்பரை நேர்காணலுக்கு நாள் பதிவு செய்யச் சொல்லுங்கள்.