திட்டினால் கூடும் சிமிட்டல்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. நான்கு மாதமாகக் கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டுகிறான். இப்போது தோளையும் குலுக்குகிறான். “சும்மா இரு” என்றால் இன்னும் கூடுகிறது. பள்ளியில் அவ்வளவாக இல்லையாம். வேண்டுமென்றே செய்கிறானா?

பதில்: இல்லை, அம்மா. நீங்கள் சொல்வது ‘டிக்’ போலத்தான் தெரிகிறது. மூளையின் உட்பகுதியில், தேவையற்ற அசைவுகளைத் தடுத்து நிறுத்தும் பிடி சற்றுத் தளர்வதால் வருவது இது. தூக்கம் கெட்டால் நமக்கு இமை துடிக்குமே, அது வேறு. அதை நம்மால் அடக்க முடியாது. டிக்கைச் சிறிது நேரம் அடக்கலாம். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். தும்மல் மூக்கில் வந்து நிற்பதுபோல முதலில் கண்ணில் ஓர் உறுத்தல், தோளில் ஓர் இறுக்கம் வரும். அசைத்தால்தான் அடங்கும். வகுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிய பிள்ளைக்கு, வீட்டுக்கு வந்து பையைக் கழற்றியதும் எல்லாம் சேர்ந்து வருகிறது. அந்த நேரத்தில் திட்டு விழுந்தால் பதற்றம் ஏறும், டிக்கும் ஏறும்.

அதனால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். இதற்காக அவனை எழுப்பி நிறுத்தக் கூடாது. நேரத்தோடு தூங்கட்டும். கண்ணில் அலர்ஜியோ பவரோ இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் குறைந்துவிடும். நீடித்தாலும், 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணிவதே வழக்கம். அவனுக்கே தொந்தரவாக இருந்தால் மாற்றுப் பழக்கப் பயிற்சி உண்டு: தோள் குலுங்கப்போகிறது என்று உணர்ந்ததும், உறுத்தல் அடங்கும்வரை முழங்கையை விலாவோடு அழுத்தித் தோளை இறக்கி வைத்திருப்பது. இதை உளவியல் நிபுணரிடம் கற்றுக்கொள்வது நல்லது. மாத்திரை எல்லாருக்கும் தேவைப்படாது.

ஆனால் சிமிட்டும்போது கூப்பிட்டாலும் கேட்காமல் வெறித்து நின்றால் அது வலிப்பாக இருக்கலாம். கைகால் நெளிந்து ஆடி, கையெழுத்து குலைந்து, பொருள்கள் கைநழுவினால், தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் வாதக் காய்ச்சலையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் தாமதிக்காதீர்கள். அப்புறம், டாக்டரிடம் போகுமுன் அவனுக்குத் தெரியாமல் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முன்னால் உட்காரும்போது பிள்ளைகள் பெரும்பாலும் அடக்கிக்கொள்வார்கள்.