கழற்றிய மெஷினும் உங்களுடையதுதான்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற, பேட்டரி இல்லாமல் கையசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் கீழே விழுந்து நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கொடுத்தேன். இப்போது ஓடுகிறது, ஆனால் நொடிமுள் முன்பு போல வழுக்கிக்கொண்டு போகாமல் நொடிக்கொரு தரம் துள்ளுகிறது. கேட்டால், "மெஷின் போயிடுச்சு, புதுசு மாத்தியாச்சு, பழசைத் தூக்கிப் போட்டாச்சு" என்கிறார்கள். ரசீதில் 'சர்வீஸ்' என்று மட்டுமே இருக்கிறது. முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். நொடிக்கொரு துள்ளல் என்பது பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷினின் அடையாளம். பழுதான மெஷினை எடுத்துவிட்டு அதே ரக மெஷினைப் போடுவது தொழிலில் வழக்கம்தான். இங்கே ரகத்தையே மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது, அதுவும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

பழுது பார்க்கக் கொடுத்த பொருள் கைமாறினாலும் உடைமை மாறுவதில்லை. வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 160-வது பிரிவு. அவர்கள் தவறால் அது திரும்ப வராவிட்டால் இழப்புக்கு அவர்களே பொறுப்பு. இது 161-வது பிரிவு. ஓடாத மெஷின்தானே என்று அவர்கள் சொல்லலாம். ஓடாத மெஷினிலும் நல்ல பாகங்கள் இருக்கும், அது உங்கள் பொருளும்கூட. தூக்கிப் போட அவர்களுக்கு உரிமை இல்லை.

கேட்காமல் ரகத்தை மாற்றியதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: கொடுக்கும்போது "எப்படியாவது ஓட வைங்க" என்று சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அதையே சம்மதம் என்பார்கள், வழக்கு கொஞ்சம் பலவீனப்படும். அப்போதும் பழைய மெஷினைத் தராததற்கு அது பதிலாகாது.

முதல் வேலை, கடிகாரத்தை மறுபடி அவர்களிடம் கொடுக்காதீர்கள். வேறொரு அனுபவசாலியிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் மெஷினையும் அதிலுள்ள எண்ணையும் படம் எடுங்கள். டயலின் பின்புறம் இருக்கும் சிறு கால்களை வெட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வேறு மெஷினில் டயலைப் பொருத்துவதற்காகச் சிலர் அதைச் செய்வதுண்டு. அப்படியிருந்தால் அது தனிச் சேதம், தனியாகக் கேட்கவேண்டும். பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். கடிகாரம் முன்பு ஓடிய வீடியோ ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். பழைய மெஷினைத் தரவேண்டும், அல்லது அதே ரக மெஷினைப் பொருத்தித் தரவேண்டும். இரண்டும் முடியாவிட்டால் கட்டணமும் இழப்பீடும் என்று கேளுங்கள். 15 நாள் அவகாசம் போதும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிடவேண்டும்.

அப்பாவின் நினைவுக்கு ஆணையம் விலை போடாது. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கலாம், கேளுங்கள். பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். என் யோசனை, பணத்தைவிட மெஷினையே முதல் கோரிக்கையாக வையுங்கள். தூக்கிப் போட்டதாகச் சொன்ன பொருள், நோட்டீஸ் போனதும் கிடைத்துவிடுவதும் உண்டு.