ஜாஸ் தட்டுக்குப் புது ப்ரீஅம்ப்: அக்காவிடம் என்ன சொல்லிவிடலாம்?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் ஆடியோ-டெக்னிக்கா எல்.பி.120எக்ஸ் டர்ன்டேபிள் இருக்கிறது. ஊசி அதோடு வந்த விஎம்95ஈ. அப்பா குவைத்தில் இருந்து கொண்டுவந்த பழைய அம்பிளிஃபயரின் போனோவில் கொடுத்துக் கேட்கிறேன். அம்பிளிஃபயர் அலுமாரிக்குள் இருப்பதால் 3 மீற்றர் வயர். ஜாஸ் தட்டுகளில் சிம்பல் காதைக் கீறுகிறது, பேஸ் குழம்புகிறது, சத்தத்தைக் கூட்டினால் உறுமல். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து அக்கா வருகிறா. 300 டொலருக்குள் நல்ல போனோ ப்ரீஅம்ப் வாங்கிவரச் சொல்லவா? வால்வு (கண்ணாடிக் குழாய்) போட்டது நல்லதா?"

சொல்லலாம். ஆனால் இன்றே சொல்லிவிடாதீர்கள். போனோ ப்ரீஅம்ப் என்பது ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் திருத்திக் கொடுக்கும் பெட்டி, உங்கள் அம்பிளிஃபயரின் போனோ வாயிலுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. மூன்று குறைக்கும் காரணம் மூன்று இடத்தில் இருக்கலாம், புதுப் பெட்டி அவற்றில் ஒன்றை மட்டும் தீர்த்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும்.

சிம்பலை முதலில் பார்ப்போம். விஎம்95ஈ போன்ற எம்.எம். (நகரும் காந்த வகை) காட்ரிட்ஜுக்குள், அதாவது ஊசியைத் தாங்கும் துண்டுக்குள், மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது, அதன் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) 550 மில்லிஹென்றி. வயருக்கும் ப்ரீஅம்பின் வாயிலுக்கும் கொள்ளளவம் (மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் குணம்) உண்டு. சுருளும் கொள்ளளவமும் சேர்ந்தால் ஒரு அதிர்வெண்ணில் சத்தம் எழும்பி, அதற்கு மேலே சரிந்துவிடும். மொத்தக் கொள்ளளவம் 200 பிக்கோஃபரட் என்றால் அந்த இடம் 15 கிலோஹேர்ட்ஸ் பக்கம், பெரிய தொந்தரவில்லை. 400 ஆனால் 11 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே வந்துவிடும். ட்ரம்காரர் தாளத்துக்குத் தொடர்ந்து தட்டும் ரைட் சிம்பலின் மினுக்கம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தக் காட்ரிட்ஜுக்கு நிறுவனம் சொல்லும் அளவு 100 முதல் 200 வரை. சாதாரண ஆர்.சி.ஏ. வயர் மீற்றருக்கு 100 பிக்கோஃபரட் அளவில் சேர்க்கும். உங்கள் 3 மீற்றரிலேயே கணக்கு தாண்டிவிட்டது, பழைய அம்பிளிஃபயரும் தன் பங்கைச் சேர்க்கும்.

இதைச் சதம் செலவில்லாமல் சோதிக்கலாம். டர்ன்டேபிளின் பின்னால் போனோ, லைன் என்று சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அம்பிளிஃபயரை நிறுத்திவிட்டு அதை லைனுக்குத் தள்ளி, வயரைப் போனோவில் இருந்து கழற்றி ஆக்ஸில் (ப்ரீஅம்ப் இல்லாத சாதாரண வாயிலில்) குத்துங்கள். (லைனைப் போனோவில் கொடுத்துவிட வேண்டாம். ப்ரீஅம்பின் பெருக்கமும் திருத்தமும் இரண்டு தரம் நடந்து எல்லாம் அலறும், ஸ்பீக்கருக்கும் கூடாது.) இப்போது டர்ன்டேபிளுக்குள் இருக்கும் ப்ரீஅம்ப் வேலை செய்யும், அதற்குப் பிறகு வயர் நீளமாக இருந்தாலும் காரியமில்லை. அதே தட்டு, அதே பக்கம். கீறல் குறைந்தால் குற்றவாளி வயர், அல்லது அம்பிளிஃபயரின் போனோ. குறையாமல், பக்கத்தின் கடைசி உருப்படியில் இன்னும் கூடினால், ஊசி.

ஊசியென்றால் ப்ரீஅம்பை மறந்துவிடுங்கள். விஎம்95ஈயின் ஊசிக்கு நிறுவனமே சொல்லும் ஆயுள் 300 மணித்தியாலம். ஊசி பொருத்திய பச்சைத் துண்டை இழுத்தெடுத்துவிட்டு அதே காட்ரிட்ஜில் சிவப்பு விஎம்95எம்.எல். ஊசியைச் செருகலாம். திருகாணி கழற்ற வேண்டியதில்லை. ஊசி முனை மைக்ரோலைன் வெட்டு, அதாவது பள்ளத்தில் மெல்லிய கோடாகப் படிவது, ஆயுள் 1000 மணித்தியாலம். என் கணிப்பில், 300 டொலரில் முதல் பங்கு இதற்குத்தான் போக வேண்டும். நடுவட்டத்துக்குக் கிட்டப் போகும்போது ட்ரம்பெட் கரகரக்கிற அவஸ்தையை எந்த ப்ரீஅம்பும் தீர்க்காது.

அடுத்தது உறுமல். தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்துப் பதிவார்கள், கேட்கும்போது ப்ரீஅம்ப் அதைத் திரும்பக் கூட்டும். 1954இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு அதுதான். 1000 ஹேர்ட்ஸோடு பார்த்தால் 50 ஹேர்ட்ஸ் ஏறத்தாழ 7 மடங்கு கூடும். எங்கள் கரண்டும் 50 ஹேர்ட்ஸ். டபிள் பேஸின் அடிச் சுரம் 41 ஹேர்ட்ஸ். ஆகவே உறுமல் நேரே பேஸ்காரரின் மடியில் வந்து குந்திவிடும். ஊசியைத் தூக்கி வைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டுங்கள். உறுமல் அப்படியே நின்றால் டர்ன்டேபிளின் எர்த் வயர் அம்பிளிஃபயரின் எர்த் திருகாணியில் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். உறுமலாக இல்லாமல் 'ஜ்ர்ர்' என்று இரைந்தால் சீலிங் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். எலெக்ட்ரோனிக் ரெகுலேற்றரின் குமிழைத் திருப்பத் திருப்ப இரைச்சலும் மாறினால் ஆள் பிடிபட்டுவிட்டார். கோடையில் மண் காய்ந்தால் எர்த் கம்பியின் தடை கூடும், எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அளப்பிப்பது நல்லது. உறுமல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். உயிர் போகிற விளையாட்டு அது.

பேஸ் குழம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பீக்கரின் வலையைக் கழற்றிவிட்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் பெரிய கோனைப் பாருங்கள். சத்தமே இல்லாமல் அது முன்னும் பின்னும் ஆடினால் தட்டு நெளிந்திருக்கிறது. எங்கள் வெயிலுக்கு இது சாதாரணம். இதற்கு ப்ரீஅம்பில் ரம்பிள் ஃபில்டர், அதாவது காதுக்குக் கேட்காத அடி அசைவை வெட்டும் வடிகட்டி, வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு பெட்டி வாங்குவதென்றால் கேட்க வேண்டியவை: கொள்ளளவத்தை மாற்றும் சுவிட்ச், ரம்பிள் ஃபில்டர், 40 டெசிபல் அளவில் பெருக்கம். உங்கள் காட்ரிட்ஜ் தருவது 4 மில்லிவோல்ட், அதற்கு 40 டெசிபல் தாராளம். 60 டெசிபல் எம்.சி. (நகரும் சுருள்) வகைக் காட்ரிட்ஜுக்கு உரியது, அந்த வசதிக்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். ஏ.ஆர்.டி. டி.ஜே. ப்ரீ 2 என்ற சின்னப் பெட்டியில் 100, 200 பிக்கோஃபரட் சுவிட்சும் ஃபில்டரும் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போதும். அதை டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் குட்டை வயரில் வைத்து, நீள வயரை அதற்குப் பிறகு ஓடவிடுங்கள். 1958க்கு முந்திய மோனோத் தட்டுகள் நிறைய இருந்தால், மோனோ சுவிட்ச் உள்ள பெட்டியைத் தேடலாம், வெடிப்புச் சத்தம் நன்றாகக் குறையும்.

வால்வு? இந்த விலைக்கு வருபவற்றில் பல, வெளியே தெரிகிற சிவப்பு வெளிச்சத்துக்குத்தான் வால்வு. ஏற்கெனவே குழம்புகிற பேஸை இன்னும் தடிப்பாக்கவும் கூடும்.

அக்காவுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது அடப்டர் பற்றி. கனடாவில் கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அடப்டரில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் இங்கே பிளக்கை மட்டும் மாற்றினால் சரி. '120' என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்டில் குத்திய கையோடு எரிந்துவிடும். பெட்டியை வாங்குமுன் அடப்டரின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.