வீடு வாங்க எதுக்கு கோர்ட்டுக்கு போகணும்? சேஸ் கவுண்டி விஷயம்

கேள்வி: எம்போரியால வேலை பாக்கறோம். பக்கத்துல சேஸ் கவுண்டில (அமெரிக்கா, கன்சாஸ் மாநிலம்) 10 ஏக்கரோட ஒரு பழைய வீடு பாத்து வச்சிருக்கோம். எது கேட்டாலும் "கோர்ட் ஹவுஸ்ல போய் கேளுங்க"ங்கிறாங்க. எங்க மேல என்ன கேஸா இருக்கு? அங்க யாரைத்தான் பாக்கறது?

பதில்: கேஸெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அந்தப் பக்கம் கோர்ட் ஹவுஸ்னா நம்ம ஊர் தாலுகா ஆபீஸ், பத்திர ஆபீஸ், கோர்ட்டு எல்லாத்தையும் ஒரே கட்டடத்துல போட்ட மாதிரி. ஆனா கவுண்டிங்கிறது நம்ம மாவட்டம் மாதிரின்னாலும் கலெக்டர்னு மேல ஒருத்தர் கிடையாது, அவரைப் புடிச்சா காரியம் ஆயிடும்னு நினைச்சு போகாதீங்க. மூணு கமிஷனர்ங்க, கிளர்க், ட்ரெஷரர், ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ், ஷெரிஃப், கவுண்டி அட்டர்னி, இவங்க எல்லாரும் ஜனங்க ஓட்டு போட்டு வந்தவங்க, அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு. 2020 சென்சஸ்படி மொத்த கவுண்டிக்கே 2,572 பேர்தான், அதனால கூட்டத்துல நிக்கணுமோன்னு கவலைப்படாதீங்க.

நீங்க முதல்ல போக வேண்டியது ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ். பத்திரம், அடமானம் எல்லாம் அங்கதான் பதிவு ஆகும். போகும்போது ஓனர் பேரோட செக்ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் நம்பரையும் (நம்ம ஊர் சர்வே நம்பர் மாதிரி) எழுதிட்டு போங்க, ஏன்னா டவுனுக்கு வெளிய நிலத்தை அப்படித்தான் அளந்து வச்சிருக்காங்க, ஒரு செக்ஷன்னா ஒரு சதுர மைல், 640 ஏக்கர். இன்னொண்ணு, நிலத்தை வித்தவர் மண்ணுக்கு அடியில இருக்கிற எண்ணெய், எரிவாயு உரிமைய தன்கிட்டயே வச்சுக்கிட்டிருக்கலாம், அதையும் பழைய பத்திரத்துல பாத்துடுங்க. பலபேர் கோட்டை விடறது இங்கதான்.

அடுத்தது அப்ரைசர், சொத்துக்கு மதிப்பு போடறவர். இவர் மட்டும் ஓட்டு வாங்கி வர்றவர் இல்ல, கமிஷனர்ங்க நியமிக்கிறவர், ஆனா உங்க பர்ஸ்ல கை வைக்கப் போறது இவர் போடற மதிப்புதான். கன்சாஸ்ல குடியிருக்கிற வீட்டுக்கு அவர் போட்ட மதிப்புல 11.5 சதவீதத்துக்குத்தான் வரி, அதாவது 1,00,000 டாலர் வீடுன்னா கணக்குக்கு 11,500, ஒரு மில் வரின்னா (ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர்) 11 டாலர் 50 சென்ட். விவசாய நிலத்துக்கு சந்தை விலை இல்ல, அதுல என்ன வருமானம் வரும்ங்கிறத வச்சு மதிப்பு, அதுல 30 சதவீதம். உங்க 10 ஏக்கர்ல எவ்வளவு வீடு, எவ்வளவு மேய்ச்சல்னு அவங்க ரெக்கார்டுல எப்படி இருக்குன்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. மதிப்பு ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா நோட்டீஸ் தபால்ல போட்ட 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணணும். வரிய ட்ரெஷரர்கிட்ட கட்டணும், பாதி டிசம்பர் 20, மீதி மே 10.

நிலத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. அது ஃப்ளின்ட் ஹில்ஸ்ங்கிற குன்றுப் பகுதி, மேல கொஞ்சம் மண்ணு, கீழ பூரா சுண்ணாம்புக்கல்லும் சக்கிமுக்கியும். ஏர் இறங்காது. அதனாலதான் மத்த இடத்துல பெரும்பாலும் உழுது அழிச்ச உயரப்புல்லு இங்க நிறைய தப்பிச்சு நிக்குது, மாடு மேய்க்கத்தான் ஏத்த பூமி, காய்கறித் தோட்டம் போடணும்னு கனவு இருந்தா ஆத்தோர வண்டல் பக்கமா பாருங்க (ஆனா காட்டன்வுட் ஆறு பொங்கி வர்ற ஆறு, வெள்ள மேப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க). வசந்த காலத்துல புல்லு புதுசா துளிர்க்கறதுக்காக மலை மலையா தீ வைப்பாங்க, புகை வீட்டுக்குள்ளயே வரும். ஆஸ்துமா இருக்கிறவங்க வீட்டுல இருந்தா ஒரு தடவ ஏப்ரல்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

வேலை முடிஞ்சதும் உடனே கிளம்பிடாதீங்க. கவுண்டியோட தலைநகரான காட்டன்வுட் ஃபால்ஸ்ல செங்கல் பாவின ப்ராட்வே தெருவோட கோடில நிக்கிற அந்த கோர்ட் ஹவுஸ் கட்டடம் 1873ல முடிஞ்சது, கன்சாஸ்ல இன்னும் வேலை நடக்கிற கோர்ட் ஹவுஸ்லயே பழசு இதுதான். வடிவமைச்சது ஜான் ஹாஸ்கெல்ங்கிற ஆர்க்கிடெக்ட், டொபீகால இருக்கிற மாநில கேபிடல்லயும் (சட்டசபை கட்டடம்) வேலை பாத்தவர். உள்ளூர் சுண்ணாம்புக்கல் சுவர், நாலு பக்கமும் சரிஞ்ச சிவப்பு மேன்சார்ட் கூரை, அதுக்கு மேல கடிகாரம். உள்ள வால்நட் மர மாடிப்படி சுத்தி சுத்தி மேல போகும், கைப்பிடிய தடவிக்கிட்டே ஏறினா 150 வருஷமா எத்தனை பேர் கை பட்டு வழவழன்னு ஆயிருக்குன்னு தெரியும். வரி கட்ட வந்தவங்க, கல்யாண லைசென்ஸ் வாங்க வந்தவங்க, கைவிலங்கோட வந்தவங்க எல்லாரும் ஏறின படி அது. சனி ஞாயிறுல போனா ஆபீஸ் பூட்டியிருக்கும், அதனால லீவு போட்டாவது வாரநாள்ல போங்க.