ஜாகுவார் தூங்கிக்கொண்டிருந்தது

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை)

கே: ஒரு ஜாகுவாரைக் காட்டில் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது என் கணவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம். அமேசானுக்கு டிக்கெட் போடலாமா?
– வாசகி, கோவை

ப: அமேசானில் ஜாகுவார் நிறைய உண்டு, ஆனால் கண்ணில் படுவது அபூர்வம். பத்தடிக்கு அந்தப் பக்கம் பச்சைச் சுவர்தான். அதே பிரேசிலில் பாந்தனால் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது; அங்கே போங்கள். பொலிவியா, பராகுவே வரை நீளும் அதன் பரப்பு ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது நம் தமிழ்நாட்டைவிடப் பெரிது. மழைக்காலத்தில் பெரும்பகுதி நீருக்கடியில் போய்விடும். ஜூலை முதல் அக்டோபர் வரை நீர் வடிந்து, முதலைகளெல்லாம் ஆற்றோரம் குவியும். அவற்றைப் பிடிக்க ஜாகுவார் கரைக்கு வரும். நாம் படகில் உட்கார்ந்து பார்க்கலாம்.

குயாபா நகரம் வரை விமானம். அங்கிருந்து போகோனே ஊருக்குக் கார். அதற்கப்புறம் சுமார் 145 கிலோமீட்டர் மண்சாலை, நூற்றுக்கு மேற்பட்ட பாலங்கள். நான் எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டுவிட்டேன். பாலத்துக்குப் பாலம் முதலை, கொறிக்கும் விலங்குகளிலேயே பெரிதான கப்பிபாரா, ஆளுயர ஜபிரு நாரை, எதைத்தான் எண்ணுவது? சாலை முடிகிற இடம் போர்ட்டோ ஜோஃப்ரே. அங்கே மூன்று இரவாவது தங்குங்கள்.

ஏன் மூன்று? முதல் நாள் எங்கள் படகோட்டியின் வயர்லெஸ்ஸில் 'ஒன்சா' என்று ஒரு குரல். அங்கே ஜாகுவாருக்கு அதுதான் பெயர். பறந்து போனோம். எங்களுக்கு முன்பே பதினேழு படகுகள். நடுவில் மரத்தடியில் அது தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி நேரத்தில் வால் நுனி இரண்டு முறை அசைந்தது. என் தங்கை, "அக்கா, இதுக்கா நாலு விமானம் மாறி வந்தோம்?" என்றாள். மூன்றாம் நாள் காலையில்தான் ஒன்று ஆற்றில் இறங்கி நீந்துவதைப் பார்த்தோம். சிறுத்தை என்று நினைத்துவிடாதீர்கள். சிறுத்தையைவிடக் கட்டுமஸ்தான உடம்பு. வளையப் புள்ளிக்குள் இன்னொரு சின்னப் புள்ளி இருக்கும். முதலையைக் கழுத்தில் கவ்வாது, பின்மண்டையையே கடித்து உடைக்கும்.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்தது ராட்சத நீர்நாய்தான். ஆறடி நீளம் வரை வளரும். ஒவ்வொன்றுக்கும் தொண்டையில் வெள்ளைத் திட்டு ஒரு மாதிரி; அதை வைத்தே ஆள் அடையாளம் சொல்லிவிடுகிறார்கள். ஒரு குடும்பம் மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்ற சத்தம், பக்கத்து இலையில் யாரோ முறுக்குத் தின்பது போலவே இருந்தது. அங்கே எங்கள் படகு ஒன்றுதான். மற்ற படகெல்லாம் தூங்கும் பூனைக்குக் காவல்.

கே: அங்கே அனகோண்டா ஆளை விழுங்கிவிடுமாமே?
– வாசகர், தேனி

ப: தம்பி, சினிமாவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாந்தனாலில் இருப்பது மஞ்சள் அனகோண்டா, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டடி. நம் மலைப்பாம்பும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கே: சைவச் சாப்பாடு கிடைக்குமா? ஊசி ஏதாவது போட வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

ப: சோறும் பீன்ஸ் குழம்பும் தினமும் உண்டு. பீன்ஸில் இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள், கேட்டுவிட்டுப் பரிமாறிக்கொள்ளுங்கள். வறுத்த மரவள்ளி மாவைச் சோற்றின் மேல் தூவுகிறார்கள்; நம் பருப்புப்பொடி மாதிரி நினைத்துக்கொண்டால் இறங்கும். ஊறுகாய் கொண்டுபோங்கள். ஒரு ஸ்வெட்டரும். ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து குளிர்காற்று புகுந்தால் படகில் பல் கிட்டிக்கும்.

ஊசி கட்டாயம். பிரேசிலிலிருந்து திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கோவைச் சகோதரியும் கவனிக்க.

அந்தச் சான்று ஒரு மஞ்சள் அட்டை; அதைக் கைப்பையில் வையுங்கள். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன். திரும்பி வந்து இறங்கியதும் சுகாதார மேசையில் அட்டையைக் கேட்டபோது, பெட்டி இன்னும் விமானத்தின் வயிற்றுக்குள் இருந்தது.