மகளின் நர்சிங் படிப்புக்கு ஆஃப்செட் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: சிட்னிக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது, பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) கிடைத்து இரண்டு வருடம். 17 வயது மகள் அடுத்த வருடம் பல்கலைக்கழகம் போகிறாள். அவளுக்கு நர்சிங் ஆசை, அவள் அப்பா பிசியோதெரபி என்கிறார். இணையதளத்தில் பார்த்தால் நர்சிங்குக்கே வருடத்துக்கு 38,000 டாலர். வீட்டுக்கடன் ஆஃப்செட் கணக்கில் (அதில் இருக்கும் அளவு கடனுக்கு வட்டி கிடையாது) 60,000 இருக்கிறது. முன்னாடியே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். எடுத்துக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தில் இப்போது கை வைக்காதீர்கள். நீங்கள் பார்த்தது வெளிநாட்டு மாணவர் கட்டணமாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்திலேயே உள்நாட்டு மாணவர் என்று மாற்றிப் பாருங்கள், தொகை அப்படியே இறங்கும். பிஆர் இருப்பதால் உங்கள் மகளுக்கு அரசு மானிய இடம் கிடைக்கும்.

அந்த மானியம் எவ்வளவு என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. 2021-ல் கட்டணத்தை மாற்றியமைத்தபோது நர்சிங் மாணவர் ஒருவருக்கு வருடத்துக்கு மாணவர் பங்கு 3,950 டாலர், அரசு பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது 16,250. பிசியோவுக்கு மாணவர் பங்கு 7,950, அரசு பங்கு 13,250. இரண்டு படிப்புக்கும் மாணவர் பங்கையும் அரசு பங்கையும் கூட்டிப் பாருங்கள், ஒரு மாணவருக்கு ஆகும் மொத்தத்தில் ஆயிரம் டாலர்தான் வித்தியாசம், ஆனால் பிள்ளையின் பங்கு இரண்டு மடங்கு. நர்ஸ்கள் போதவில்லை என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். விலைவாசியோடு இந்தத் தொகைகள் வருடாவருடம் ஏறும். 2025-ல் நர்சிங் சுமார் 4,600, பிசியோ சுமார் 9,300. அதாவது மூன்று வருட நர்சிங் 14,000-ஐ ஒட்டி, நான்கு வருட பிசியோ 37,000-ஐ ஒட்டி.

இனிதான் முக்கியமான விஷயம். இந்தப் பங்கைக் கடனாக வைத்துக்கொள்ளும் ஹெக்ஸ் வசதி பொதுவாக பிஆர்காரர்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டரும் சென்சஸ் தேதிக்குள் (அந்த செமஸ்டர் கட்டணம் உறுதியாகும் கெடு நாள்) கையிலிருந்து கட்ட வேண்டும். அதனால் குடியுரிமைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்: நான்கு வருட வாசம், அதில் கடைசி ஒரு வருடமாவது பிஆர், அந்தக் கடைசி வருடத்தில் 90 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது (ஊருக்கு நீண்ட விடுப்பில் போய் வந்திருந்தால் எண்ணிப் பாருங்கள்). மகளுக்கு 16 தாண்டிவிட்டதால் உங்கள் விண்ணப்பத்தோடு சேராது, அவளுக்குத் தனியாகப் போட வேண்டும். இதைத் தவறவிட்டு, பெற்றோர் மட்டும் குடிமக்களாகி, பிள்ளை இரண்டு செமஸ்டர் ரொக்கமாகக் கட்டிய குடும்பத்தை எனக்குத் தெரியும். அப்புறம், ஒப்புதல் கடிதம் வந்தால் மட்டும் போதாது, விழாவில் உறுதிமொழி எடுத்த நாள்தான் கணக்கு. அந்த நாள் சென்சஸ் தேதிக்கு முன்னால் வந்தால் அந்த செமஸ்டரிலிருந்தே ஹெக்ஸ் கேட்கலாம், வரி எண் மட்டும் தயாராக இருக்கட்டும்.

அதுவரை நர்சிங் என்றால் செமஸ்டருக்கு 2,300 டாலர் போல ஆகும், அதைச் சம்பளத்திலிருந்தே சமாளிக்கலாம்.

10 சதவீதத் தள்ளுபடி 2022 கடைசியோடு முடிந்துவிட்டது. ஹெக்ஸ் கடனுக்கு வட்டி கிடையாது, விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு ஜூன் 1-ல் ஏற்றுவார்கள். 2025-ல் அது 3.2 சதவீதம். உங்கள் வீட்டுக்கடன் வட்டி அதைவிடக் கூட இருக்கும்வரை 60,000 ஆஃப்செட்டிலேயே இருப்பதுதான் லாபம். திருப்பிக் கட்டுவதும் 2025-26 கணக்குப்படி வருமானம் 67,000 தாண்டிய பிறகுதான், தாண்டிய தொகையில் டாலருக்கு 15 சென்ட். 75,000 சம்பாதிக்கும் புது நர்ஸுக்கு வருடத்துக்கு 1,200 டாலர் வரும், அவ்வளவுதான்.

ஆஃப்செட்டிலிருந்து கொஞ்சம் எடுப்பதென்றால் பயிற்சிக் காலத்துக்கு எடுங்கள். நர்சிங்கில் குறைந்தது 800 மணி நேரம் சம்பளமில்லாமல் மருத்துவமனையில் நிற்க வேண்டும், அந்த வாரங்களில் பகுதி நேர வேலையை விடும்படி ஆகும், சீருடை, தடுப்பூசி, பெட்ரோல் என்று செலவும் வரும். 2025 ஜூலையிலிருந்து அரசு இதற்கு வாரம் சுமார் 330 டாலர் தருகிறது, ஆனால் வருமானம் பார்த்துத்தான். பிசியோவுக்கு அது இல்லை.

அவள் அப்பாவிடம் 14,000, 37,000 என்ற இந்த இரண்டு தொகைகளையும் காட்டுங்கள். கடனுக்குப் பயந்து நர்சிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, கௌரவத்துக்காக பிசியோவையும் வேண்டாம். அவளுக்கு எதில் மனம் இருக்கிறதோ அதைப் படிக்கட்டும், நீங்கள் இந்த வாரமே அவளுடைய குடியுரிமை விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.