மார்கழி விடுமுறை: காலையும் மாலையும் போதும்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் வந்தால் வீட்டில் ஒரே கேள்விதான், எங்கே போகலாம்? பசங்களுக்கு 12 வயது, 8 வயது. மாமியாருக்கு 70. மூட்டு வலி உண்டு, பனி பட்டால் வீசிங் வரும். போன வருடம் மாலுக்குப் போய்க் கூட்டத்தில் நின்று செலவழித்ததுதான் மிச்சம். ஐந்து பேரும் சேர்ந்து, அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்?”

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரும் எல்லாவற்றுக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், நடுப்பகலையும் விட்டுவிடுங்கள். சென்னையில் மார்கழியின் நல்லதெல்லாம் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான் இருக்கிறது. பதினோரு மணி வெயிலில் கிளம்பி மூன்று இடம் பார்க்கத் திட்டம் போடுகிறவர்கள்தான் களைத்துப்போய், சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஒரே ஓர் இடம். மீதி நேரம் வீட்டில் சமையல், தூக்கம், விளையாட்டு. இப்படி வைத்துக்கொண்டால் செலவும் தானாகக் குறையும்.

விடியற்காலைக்கு மயிலாப்பூர். இதற்கு நீங்கள் இரண்டு பேரும் பசங்களும் மட்டும் போங்கள், மாமியார் வேண்டாம். பனி அதிகமாக இருப்பது அந்த நேரத்தில்தான், வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆகாது. டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும். இருட்டு பிரிவதற்குள் கபாலீசுவரர் கோயில் மாட வீதிக்கு வந்துவிட்டால் பஜனை கோஷ்டிகளைப் பார்க்கலாம். ஜால்ராவும் ஆர்மோனியமுமாக நான்கு வீதிகளையும் பாடிக்கொண்டு சுற்றி வருவார்கள். கர்நாடக இசைப் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய வழக்கம் இது, இன்றைக்கும் விடாமல் நடக்கிறது. யாரும் யாரையும் அழைப்பதில்லை. பின்னால் சேர்ந்துகொண்டு நடக்க வேண்டியதுதான். எட்டு வயதுக் குழந்தைக்கு, தெருவே பாடுகிறது என்ற ஆச்சரியம் ஒன்று போதும்.

பக்கத்துத் தெருக்களில் வாசல் கோலங்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். சாணி உருண்டையில் பரங்கிப்பூ செருகி வைத்த கோலம் இப்போது குறைந்துவிட்டது, இருந்தாலும் தேடினால் கிடைக்கும். அதையே பசங்களுக்கு ஒரு விளையாட்டாக வைத்துவிடுங்கள். மூத்தவர் கையில் ஒரு நோட்டைக் கொடுத்துப் பிடித்த புள்ளிக் கோலம் ஒன்றை வரைந்துகொள்ளச் சொல்லுங்கள், மறுநாள் உங்கள் வாசலில் போடலாம். கோயிலில் பொங்கல் பிரசாதம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் மாட வீதியைச் சுற்றி டிபன் கடைகளுக்குக் குறைவில்லை. எட்டரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள், அதற்கு மேல் வண்டி நெரிசல் தொடங்கிவிடும்.

சாயங்காலத்துக்கு சபா. இதில் ஐந்து பேரும் சேரலாம். உட்கார்ந்த இடத்தில் நடப்பதால் மாமியாரின் மூட்டுக்கும் தொல்லை இல்லை. சென்னை டிசம்பர் கச்சேரிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1927இல் இங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே இசை மாநாடும் நடந்தது, அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. கர்நாடக இசை நமக்குப் பழக்கமில்லையே என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள், அது எனக்கு எப்போதும் வருத்தம். பெரிய வித்வான்களின் மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பல சபாக்களில் பிற்பகலில் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிக்கு அனுமதி இலவசம். நான்கு மணி வாக்கில் நடப்பதைத் தேர்ந்தெடுத்து, நடைபாதையை ஒட்டிய இருக்கையில் உட்காருங்கள். சின்னவருக்குப் பொறுமை போனால் ஒரு பாட்டு முடியும் இடத்தில் எழுந்துவிடலாம், நடுவில் எழ வேண்டாம்.

ஆனால் தனி ஆவர்த்தனம் வரும்வரை எப்படியாவது இருக்கப் பாருங்கள். முக்கியப் பாட்டு முடிந்ததும் மிருதங்கக்காரரும், இருந்தால் கடமோ கஞ்சிராவோ வாசிப்பவரும் மாறி மாறி வாசிப்பார்கள். பெரியவர்கள் சிலர் காபிக்கு எழுந்து போகும் நேரம் அது, பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கும் நேரமும் அதுதான். ஒருவர் வாசித்ததை அடுத்தவர் திருப்பி வாசிப்பதும், அது சுருங்கிச் சுருங்கி இருவரும் ஒன்றாகச் சேர்வதும் ராகம் தெரியாதவருக்கும் புரியும்.

சபா கேன்டீனைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கச்சேரி டிக்கெட் இல்லாமலேயே உள்ளே போய்ச் சாப்பிடலாம். அடை அவியல், கீரை வடை, அசோகா, காசி அல்வா, அப்புறம் டிகிரி காபி. இரவு ஏழு மணிக்கு மேல் இடம் கிடைக்காது, ஐந்தரைக்கே போய்விடுங்கள். தலா ஓர் இலைச் சாப்பாடு என்று போகாமல், ஆளுக்கு ஒரு பலகாரம் வாங்கிப் பகிர்ந்தால் எல்லாவற்றையும் ருசி பார்க்கலாம், பர்ஸும் தாங்கும். மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தியாகராய நகர் பக்கம்தான் பெரிய சபாக்கள். அவ்வளவு தூரம் முடியாத நாளில் குரோம்பேட்டை, நங்கநல்லூர் பக்கம் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

வீட்டுக் கொண்டாட்டத்துக்குத் திருவாதிரை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி வரும், காலண்டரில் ‘ஆருத்ரா தரிசனம்’ என்று போட்டிருக்கும். அன்று களி. சிவனடியார் சேந்தனார் சிவனுக்குக் களி படைத்த கதையை மாமியார் சொல்ல, பசங்க முந்திரி உடைக்கட்டும், தேங்காய் துருவட்டும். களி சரியாக வரவில்லை என்று சொல்கிறவர்கள் தவறுவது இரண்டே இடத்தில்தான். அரிசியைப் போதுமான அளவு வறுக்க மாட்டார்கள், அல்லது மாவாகவே அரைத்துவிடுவார்கள். இரண்டிலும் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கப் பச்சரிசியைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். எண்ணெய் விடாமல் வாணலியில் போட்டு, பொன்னிறம் தாண்டி லேசாகச் சிவக்கும்வரை பொறுமையாக வறுங்கள். ஆறியதும் மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றி, ரவையாக உடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் பாசிப்பருப்பையும் வாசனை வர வறுத்துத் தனியே அரைவேக்காடாக வேகவைத்து வடித்துவிடுங்கள். இரண்டரை கப் தண்ணீரில் ஒன்றேகால் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கொதி வந்ததும் அரை கப் தேங்காய்த் துருவல், பருப்பு, ஏலக்காய் எல்லாம் சேர்த்து, ரவையைத் தூவிக் கட்டி விழாமல் கிளறுங்கள். தண்ணீர் சுண்டி வரும்போது பாத்திரத்தை மூடிக் குக்கருக்குள் வைத்து மூன்று விசில் விடலாம். வெளியே எடுத்ததும் கால் கப் நெய்யில் முந்திரி வறுத்துக் கொட்டி, முள்கரண்டியால் உதிர்த்துவிடுங்கள். உதிரியாக வந்தால்தான் களி.

கூட வைக்கும் கூட்டுக்கு ஏழு நாட்டுக் காய்கள். பரங்கி, பூசணி, வாழைக்காய், அவரை, பச்சை மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி என்று அப்போது மலிவாகக் கிடைப்பதைப் போடுங்கள். இனிப்புக் களிக்கு இந்தப் புளிப்பும் காரமும் இல்லாமல் முடியாது. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி, பெரும்பாலும் ஜனவரி 11இல் வரும். அன்று பாலில் அரிசி குழைய வெந்த அக்காரவடிசில் செய்யலாம். நெய்யில் மட்டும் அன்று கணக்குப் பார்க்காதீர்கள்.

ஊரைத் தாண்டிப் போவதை ஜனவரிக்குத் தள்ளுங்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுதாக ஓய்ந்திருக்காது. 2016இல் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது டிசம்பர் 12இல்தான். ஜனவரி வானம் தெளிவாக இருக்கும், வேடந்தாங்கலில் பறவைகளும் குஞ்சுகளோடு இருக்கும். தாம்பரத்திலிருந்து நேராக ஜி.எஸ்.டி. சாலைதான், அதனால் மற்ற சென்னைக்காரர்களைவிட உங்களுக்கு வசதி. காலையில் போகாதீர்கள், பெரும்பாலான பறவைகள் இரை தேடி வயல்களுக்கும் பக்கத்து ஏரிகளுக்கும் போயிருக்கும். மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தால், கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதைப் பார்க்கலாம். கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று பெயரை மட்டும் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து, அங்கே பசங்களையே அடையாளம் கண்டுபிடிக்க விடுங்கள். கரண்டிவாயனைக் கண்டுபிடிக்க மூக்கு ஒன்றே போதும்.

ஏரிக்கரையில் நடக்கும் பாதை சமதளம். பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறாவிட்டாலும் மாமியாருக்கு நன்றாகவே தெரியும். காது மூட ஒரு மப்ளர், அவருடைய இன்ஹேலர், பைனாகுலர் இருந்தால் அது. அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். 1798லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் அதற்கு எழுத்து மூலம் உரிமை வாங்கியிருக்கிறார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், மழை பொய்த்த வருடத்தில் பறவைகளும் வருவதில்லை. ஞாயிறு மாலை திரும்பும் வழியில் நெரிசல் உயிரை எடுக்கும், வார நாளாகப் பாருங்கள்.

பழவேற்காட்டில் பூநாரை பார்க்க ஆசைப்பட்டால் உங்களுக்கு அது ஊரின் மறுகோடி, பாட்டியோடு வேண்டாம். போனாலும் கரையிலிருந்து பாருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில், யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

மூத்தவருக்கு ஜனவரியில் புத்தகக் காட்சி. கையில் ஒரு தொகையைக் கொடுத்து, எதை வாங்குவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அதுவும் வார நாளில், கதவு திறந்ததும் போய்விடுங்கள்.

போகிக் காலையில் யாரும் வெளியே போக வேண்டாம், ஜன்னலையும் சாத்திவையுங்கள். அந்தப் புகை மாமியாருக்குப் பனியைவிடக் கெடுதல். 2018 போகியன்று சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் போனது. காணும் பொங்கலன்று மெரினாவும் வண்டலூர் உயிரியல் பூங்காவும் கால் வைக்க இடமில்லாமல் இருக்கும். கடற்கரையில் குழந்தைகள் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸ் கட்டி அனுப்புகிற அளவுக்குக் கூட்டம். அன்று கரும்பும் பனங்கிழங்கும் எடுத்துக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போங்கள், மாமியாரின் அக்கா தங்கை இருந்தால் இன்னும் நல்லது. வண்டலூர் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று பூங்காவுக்கு விடுமுறை.